வார்டில் நிற்பவரைக் கேளுங்கள்: செவிலியர் கண்ணில் நம்ம ஆஸ்பத்திரி

(உலக செவிலியர் தினத்தையொட்டி விருத்தாசலம் செராமிக் டவுன் பகுதியில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில், நமது மாவட்டக் குழுத் தோழர் ஆற்றிய உரை. நேரில் வர முடியாத தோழர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டுப் பகிருங்க.)



மே 12, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். இன்னிக்குக் காலையில எல்லா ஆஸ்பத்திரியிலயும் மெழுகுவர்த்தி ஏத்தியிருப்பாங்க, உறுதிமொழி எடுத்திருப்பாங்க, கேக் வெட்டியிருப்பாங்க. வாட்ஸ்அப்பைத் திறந்தா "வெள்ளுடை தேவதைகளுக்கு வாழ்த்துகள்"னு ஒரே வாழ்த்து. தேவதைன்னு சொல்லிட்டா ஒரு வசதி இருக்கு தோழர்களே. தேவதைக்குப் பசிக்காது, கால் வலிக்காது, சம்பளம் கேட்காது.

நைட்டிங்கேல் அம்மா கையில விளக்கு இருந்த படத்தை எல்லாரும் பார்த்திருக்கோம். அந்த அம்மா கையில ஒரு கணக்கு நோட்டும் இருந்தது. 1854-இல் கிரிமியப் போருக்குப் போனவர், எத்தனை சிப்பாய் குண்டடி பட்டுச் செத்தான், எத்தனை பேர் ஆஸ்பத்திரி அழுக்காலும் தொற்றாலும் செத்தான் என்று கணக்கு எடுத்தார். காயத்தை விட நோயில்தான் அதிகம் பேர் செத்தார்கள் என்று வரைபடம் போட்டு, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் முன்னால் வைத்தார். ஒரு செவிலியர், தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் தரம் என்ன என்று தன் கண்ணால் பார்த்து ஊருக்குச் சொன்னார். நமக்கு விளக்கை மட்டும் காட்டிட்டு, கணக்கு நோட்டை ஒளிச்சு வச்சிட்டாங்க. அந்த நோட்டைப் பத்திப் பேசத்தான் இந்தக் கூட்டம்.

நம்ம ஊர் செராமிக் ஊர். இங்க நிக்கிற தோழர்களுக்கு நான் தரம்னா என்னன்னு பாடம் எடுக்க வேண்டியதில்லை. சூளையில இருந்து எடுத்த சாமானை விரலால ஒரு தட்டு தட்டுவீங்க. சத்தம் கணீர்னு வந்தா நல்ல சரக்கு. சத்தம் அடைச்ச மாதிரி வந்தா உள்ள எங்கயோ விரிசல். மேல பளபளன்னு கிளேஸ் போட்டிருக்கும், வாங்குறவனுக்குத் தெரியாது. சூளைக்குப் பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில அப்படி ராவும் பகலும் பக்கத்துல நிக்கிறவர் யார்? டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டுப் போயிடுவார். அதிகாரி ஆய்வுக்கு வந்துட்டுப் போயிடுவார். நோயாளி நாலு நாள் இருந்துட்டு வீட்டுக்குப் போயிடுவார். இருபத்து நாலு மணி நேரமும் வார்டுல இருக்கிறது செவிலியர். விரிசல் எங்க இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்களைத்தான் யாரும் கேட்கறதில்லை.

தரம் பார்க்க அரசாங்கத்துல திட்டமே இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. 2013-இல் தேசியத் தர உறுதித் தரநிலைகள் கொண்டு வந்தார்கள். 2015-இல் தூய்மைக்காக 'காயகல்ப்' விருது. 2017-இல் பிரசவ அறைகளுக்காக 'லக்‌ஷ்யா'. ஆயிரக்கணக்கில் கேள்வி போட்டு, மார்க் போட்டு, சான்றிதழ் கொடுக்கிறார்கள். நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். இதனால கழிவறை சுத்தமான ஆஸ்பத்திரி உண்டு, பிரசவ அறை ஒழுங்கான ஆஸ்பத்திரி உண்டு.

ஆனா ஆய்வு நாள் எப்படி இருக்கும்னு ஒரு செவிலியர்கிட்ட கேட்டுப் பாருங்க. எந்த ஊர் ஆஸ்பத்திரின்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு மெமோ வரும். "ஐயா, அன்னிக்கு மட்டும் பீரோவுல இருக்கிற புது பெட்ஷீட் எல்லாம் வெளிய வரும். பத்து ரெஜிஸ்டரை ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதி முடிப்போம். எழுதுற நேரத்துல நோயாளியைப் பார்க்க முடியாது. நோயாளியைப் பார்த்ததா அதுலயே எழுதுவோம்" என்றார் ஒரு சகோதரி. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நமக்குத்தான் சிரிப்பு வரலை.

இன்னொரு விஷயம் சொல்றேன், குறிச்சுக்கோங்க. அதே தேசியத் தரநிலையில், நோயாளி திருப்தியை மட்டும் கேட்டால் போதாது, ஊழியர் திருப்தியையும் அளக்க வேண்டும் என்று எழுதியே இருக்கிறது. நோயாளியின் கருத்துக்கு 'மேரா அஸ்பதால்' என்று தனி ஏற்பாடு 2016-லிருந்து இருக்கு, போனில் கேட்கிறார்கள். ஊழியரிடம் கேட்ட படிவம் எங்கே போகிறது? எந்த நோட்டீஸ் போர்டிலாவது "எங்கள் செவிலியர்கள் இந்த மருத்துவமனையைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள்" என்று ஒட்டிப் பார்த்திருக்கீங்களா?

சரி, செவிலியர் சொன்னா அது சரியா இருக்குமா, அவங்க தங்கள் சங்கடத்தைத்தானே சொல்வாங்கன்னு சிலர் கேட்கலாம். 2012-இல் ஐரோப்பாவின் 12 நாடுகளிலும் அமெரிக்காவிலும் செவிலியர்களையும் நோயாளிகளையும் தனித்தனியாகக் கேட்டு நடந்த பெரிய ஆய்வு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. லிண்டா ஐக்கன் என்ற பேராசிரியர் தலைமையில் செய்தது. எந்த ஆஸ்பத்திரியை செவிலியர்கள் நல்ல ஆஸ்பத்திரி என்று சொன்னார்களோ, அங்கே நோயாளிகளும் பெரும்பாலும் அதையே சொன்னார்கள். வேலைச் சூழல் நன்றாக இருந்து, ஒரு செவிலியருக்கு நோயாளி எண்ணிக்கை குறைவாக இருந்த இடத்தில் இரண்டு பேருமே திருப்தியாக இருந்தார்கள். செவிலியரின் சங்கடமும் நோயாளியின் சங்கடமும் ஒரே கட்டிலில்தான் படுத்திருக்கு தோழர்களே.

சேவையின் தரத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஓர் அளவுகோல் உண்டு. 1988-இல் மூன்று பேராசிரியர்கள் வெளியிட்டார்கள். முதல் பெயர் பரசுராமன், நம்ம சென்னை ஐஐடியில் படித்தவர். ஐந்து விஷயத்தைப் பார் என்றார்கள். பேங்க், ஓட்டல், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பொருந்தும். அந்த ஐந்தையும் செவிலியர் கண்ணில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, கண்ணுக்குத் தெரிவது. கட்டடம், கட்டில், கருவி. நமக்கு அஞ்சு மாடிக் கட்டடம் தெரியும். திறப்பு விழா கல்வெட்டு தெரியும். செவிலியருக்குத் தெரிவது வேற. ராத்திரி டூட்டியில் உடை மாத்த ஒரு அறை இருக்கா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா, பெண் ஊழியருக்குத் தனிக் கழிவறை இருக்கா, ஆக்சிஜன் மீட்டர் வேலை செய்யுதா, பிபி பார்க்கிற மெஷினில் காத்து இறங்குதா. கல்வெட்டில் இதெல்லாம் வராது.

இரண்டாவது, நம்பகம். சொன்ன மருந்தை, சொன்ன நேரத்தில், சொன்ன அளவில், தப்பில்லாமல் கொடுப்பது. மருந்து வாங்குவதில் தமிழ்நாடு முன்னோடி, 1994-லேயே மருத்துவப் பணிகள் கழகம் அமைத்த மாநிலம் இது. பெருமைதான். ஆனா அந்த மாத்திரை குடோனில் இருந்து வந்தா மட்டும் போதுமா? ஆறு மணிக்கு ஆன்டிபயாடிக் ஊசின்னா, நாற்பது பேருக்கு ஒருத்தரே போட்டா, கடைசிக் கட்டிலுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?

மூன்றாவது, கூப்பிட்ட குரலுக்கு வருவது. "சிஸ்டர், டிரிப்ஸ் தீர்ந்துடுச்சு"ன்னு கூப்பிடறோம். சிஸ்டர் வரலை. நமக்குக் கோபம் வருது. அந்த நேரத்தில் அவர் அடுத்த கட்டிலில் வலிப்பு வந்த ஆளைப் பிடிச்சுக்கிட்டு இருப்பார். அதுவும் இல்லைன்னா நோயாளியை ஸ்ட்ரெச்சரில் வச்சு ஸ்கேனுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிருப்பார், தள்ள வேண்டிய பணியாளர் இடம் காலியா இருக்கும்.

நான்காவது, தைரியம் கொடுப்பது. நோயாளிக்கு "இவங்க பார்த்துப்பாங்க"ன்னு ஒரு நம்பிக்கை வரணும். அது படிப்பிலும் பயிற்சியிலும் வருவது. பிரசவ வார்டுல பத்து வருஷம் இருந்த கை, தாய்க்கு ரத்தப்போக்கு ஆரம்பிக்கும்போதே கண்டுபிடிச்சிடும். அந்தக் கையைத் திடீர்னு வேற ஊருக்குத் தூக்கி அடிச்சிட்டு, நேத்து வந்த ஒப்பந்தப் பெண்ணை அங்க நிறுத்தினா, அந்தப் பெண்ணுக்கும் பயம், தாய்க்கும் பயம்.

ஐந்தாவது, பரிவு. இதைத்தான் எல்லாரும் கேட்கிறாங்க. "அன்பா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாங்க." நியாயமான குறைதான், நான் மறுக்கலை. ஆனா பரிவுக்கும் நேரம் வேணும் தோழர்களே. பதினெட்டு வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கிற ஆளிடம் முதலில் உதிர்ந்து போவது சிரிப்புதான்.

இந்த ஐந்தையும் பிடித்து இழுத்தால் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஆள் எண்ணிக்கை.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு என்ன? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர். மற்ற பொது மருத்துவமனைகளில் 5 படுக்கைக்கு ஒருவர். விடுப்பு எடுப்பவர்களுக்காக 30 சதவீதம் கூடுதல். கேட்க நல்லாருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க. இது மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து. 30 படுக்கை வார்டுக்கு 6 பேர், ஷிஃப்டுக்கு 2 பேர், தலைக்கு 15 நோயாளி. அதுவும் இடம் எல்லாம் நிரப்பியிருந்தா. அதுவும் கட்டிலைத்தான் எண்றாங்க, தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறவரை எண்றதில்லை. டெங்கு சீசனில் கட்டிலுக்குக் கீழே ஒருத்தர் படுத்திருப்பார், அவருக்கும் அதே சிஸ்டர்தான்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1999-இல் ஒரு சட்டம் போட்டது. பொது வார்டில் ஒரு ஷிஃப்டில் ஒரு செவிலியருக்கு 5 நோயாளிக்கு மேல் கூடாது என்பது 2005 முதல் அங்கே நடைமுறை. நம்ம விதிப்படியே 15, அங்கே 5. அந்த நாட்டுப் பணம் நம்மகிட்ட இல்லை, ஒத்துக்கறேன். ஆனா மனித உடம்பு அங்கேயும் இங்கேயும் ஒண்ணுதான். அதே லிண்டா ஐக்கன் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் சொன்னார்: அறுவை சிகிச்சை நோயாளிகளில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. காலி இடத்தை நிரப்பாமல் ஒரு கோப்பு மேசையில் கிடக்கிறது என்றால், அதன் பொருள் இதுதான்.

இப்ப அந்த ஆளை எப்படி எடுக்கிறாங்கன்னு பார்ப்போம். 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைத்தார்கள். 2015-இல் தேர்வு எழுதி, தேர்ச்சி பெற்று ஆயிரக்கணக்கான செவிலியர்கள் வந்தார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷம் முடிஞ்சா நிரந்தரம், காலமுறை ஊதியம் என்ற உறுதியோடு வந்தார்கள். இரண்டு வருஷம் முடிஞ்சது, நிரந்தரம் வரலை. 2017 நவம்பர் கடைசியில் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் கைக்குழந்தையோட வந்து உட்கார்ந்தாங்க. நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது. அது அதிமுக ஆட்சி.

2020-இல் கொரோனா வந்தது. அதே ஆண்டைத்தான் உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டு என்று அறிவித்திருந்தது. வீட்டுப் பக்கம் போகாம, பிபிஇ உடைக்குள்ள வேர்த்து வேர்த்து வேலை பார்த்த ஒப்பந்தச் செவிலியர்களுக்கு மாடியில நின்னு கை தட்டினோம். 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். புத்தாண்டை அவர்கள் சேலத்திலும் சென்னையிலும் போராட்டத்தில் கழித்தார்கள். அது திமுக ஆட்சி. நாற்காலியில் உட்கார்ந்தவர் மாறினார், ஒப்பந்தம் என்ற வார்த்தை மாறலை.

இதில் செவிலியரின் சம்பளப் பிரச்சினை மட்டும் இல்லை, நம்ம பிரச்சினையும் இருக்கு. ஒப்பந்தத்தில் இருக்கிற பெண், "சார், இந்த மருந்து அளவு தப்பா இருக்கே"ன்னு கேட்பாரா? "இன்குபேட்டர் ரிப்பேர், குழந்தையை வைக்க முடியாது"ன்னு எழுதிக் கொடுப்பாரா? நாளைக்கு நீட்டிப்பு வருமா வராதான்னு தெரியாத ஆள் வாயைத் திறப்பாரா? நிரந்தரமா இருக்கிறவருக்கும் 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கு. பத்திரிகையில் பேசினா நடவடிக்கை. விரிசலைப் பார்த்தவர் வாயைத் தைச்சுட்டு, வெளியில கிளேஸ் போட்டு வச்சிருக்காங்க.

தனியார் ஆஸ்பத்திரி நிலைமை இன்னும் மோசம். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் செவிலியர் சம்பளம் பற்றி ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. ஜகதீஷ் பிரசாத் குழு பரிந்துரை கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100 முதல் 200 வரை என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழே என்றாலும் குறைந்தது 20,000 ரூபாய். கேரளத்தில் செவிலியர்கள் சங்கமாகத் திரண்டு தெருவில் இறங்கினார்கள், 2018 ஏப்ரலில் அரசு 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமாக அறிவித்தது. நம்ம கடலூர் மாவட்டத்தில் தனியார் கிளினிக்கில் நிக்கிற பொண்ணுங்ககிட்ட சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்க. பதில் சொல்லும்போது அவங்க குரல் இறங்கும்.

குறையை மட்டும் சொல்ல நான் வரலை. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்குது. 2018-20 கணக்கின்படி லட்சம் பிரசவத்துக்கு தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவம் பார்த்த செவிலியர்களின் கை அதில் இருக்கு. மங்கலம்பேட்டையில, கம்மாபுரத்துல, வேப்பூர்ல இருந்து வர்ற கர்ப்பிணிக்கு முதல் முகம் அவங்கதான். இங்க முடியலைன்னா கடலூருக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், இல்லைன்னா சிதம்பரம், இல்லைன்னா ஜிப்மர். எந்த நேரத்தில் ரெஃபர் பண்ணணும், எதுவரைக்கும் இங்கயே பார்க்கலாம்னு முதலில் மூக்கில் வேர்க்கிறது அவங்களுக்குத்தான். 108 வண்டிக்குள்ள போகிற அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவங்ககிட்ட கேட்டுத்தான் விருத்தாசலத்துக்கு என்ன வசதி வேணும்னு முடிவு பண்ணணும்.

செராமிக் தோழர்களுக்குத் தனியா ஒண்ணு. களிமண், குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் அரைக்கிற இடத்தில் சிலிக்கா தூசி. வருஷக்கணக்கா இழுத்தா நுரையீரல் இறுகும், சிலிக்கோசிஸ். சட்டப்படி அது அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய். வெளியில் பார்க்க காசநோய் மாதிரியே இருக்கும், இருமல், மூச்சிரைப்பு. சில பேருக்கு ரெண்டும் சேர்ந்தே வரும். ஓபி சீட்டில் "இருமல்"னு எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிடுவாங்க. "இந்த அண்ணன் மூணாவது தடவை வர்றார், என்ன வேலை பார்க்கறீங்க அண்ணே?"ன்னு கேட்க வேண்டியவர் செவிலியர். அந்த ஒரு கேள்வி கேட்க நேரம் இருந்தா ஓர் உயிர் சில வருஷம் முன்னாடியே கண்டுபிடிக்கப்படும். அதனால செவிலியர் எண்ணிக்கை சூளையில வேலை பார்க்கிற உங்க பிரச்சினையும்தான்.

அடுத்து, நம்ம ஆட்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பதிவை இணையத்தில் படிக்கிற தோழர்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். வார்டுக்குள்ள செல்போனைத் தூக்கிக்கிட்டுப் போய், "நான் யார் தெரியுமா"ன்னு சிஸ்டரை நிக்க வச்சு வீடியோ எடுத்துப் போடறது போராட்டம் இல்லை. காலி இடத்தை நிரப்பாதவன் தலைமைச் செயலகத்தில் இருக்கான், நீங்க திட்டறது இருக்கிற ஒரே ஆளை. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கு. சட்டம் இருந்தும் ராத்திரி டூட்டிக்குப் பயந்துக்கிட்டே வர்றாங்க. நம்ம கட்சிக் கொடி கட்டின வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்னா, செவிலியருக்கு தைரியம் வரணும், பயம் வரக் கூடாது.

நம்ம கோரிக்கைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு பலகை வை. இன்றைக்கு நோயாளி எத்தனை பேர், இந்த ஷிஃப்டில் செவிலியர் எத்தனை பேர். சாக்பீஸால் எழுதினாலே போதும். ஊர் கணக்குப் போட்டுக்கும்.

இரண்டு: ஊழியர் திருப்தி ஆய்வை, பெயர் கேட்காமல், ஆண்டுக்கு இரண்டு முறை நடத்து. முடிவை மருத்துவமனை வாசலில் ஒட்டு.

மூன்று: நோயாளர் நலச் சங்கத்தில் செவிலியர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிக்கு இடம் கொடு. பணம் எதற்குச் செலவாகணும்னு அவங்க சொல்லட்டும்.

நான்கு: ஒப்பந்தச் செவிலியர்களை நிரந்தரமாக்கு. அதுவரை சம வேலைக்குச் சம ஊதியம் கொடு. மகப்பேறு விடுப்பை ஊதியத்தோடு கொடு.

ஐந்து: தனியார் செவிலியருக்கு ஜகதீஷ் பிரசாத் குழுவின் பரிந்துரையை அரசாணையாகப் போடு.

ஆறு: விருத்தாசலம் செராமிக் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை நுரையீரல் பரிசோதனை முகாம். அதை நடத்த, பயிற்சி பெற்ற செவிலியர்கள்.

இதில் முதல் மூன்றுக்கும் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. பட்ஜெட் வரட்டும்னு சாக்குச் சொல்ல முடியாது. உண்மையைக் கேட்க மனசு இருந்தா போதும். இந்த ஆறையும் மனுவா எழுதி, கையெழுத்து வாங்கி, சப்-கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கப் போறோம். கையெழுத்துத் தாள் இந்த மேசையில் இருக்கு. செவிலியர் சகோதரிகள் போடத் தேவையில்லை, உங்களுக்கு விதி இருக்கு, மெமோ இருக்கு. உங்களுக்காக நாங்க போடறோம். ஆஸ்பத்திரி எங்களுடையது, அதனால கேட்கிற உரிமையும் எங்களுடையது.

நைட்டிங்கேல் எழுதிய கணக்கை அன்றைக்கு அரசாங்கம் படிக்க வேண்டி வந்தது. விருத்தாசலம் செவிலியர்கள் மனசுக்குள்ள எழுதி வச்சிருக்கிற கணக்கையும் ஊர் படிக்கட்டும்.



(கையெழுத்து இயக்கத்தில் சேர விரும்பும் தோழர்கள் தங்கள் பகுதிக் கிளைச் செயலாளரைப் பாருங்கள். உங்கள் ஊர் மருத்துவமனையில் பார்த்ததை கமெண்டில் எழுதுங்கள். எந்தச் செவிலியர் பெயரையும், படத்தையும் போட வேண்டாம்.)

#செவிலியர்_தினம் #செவிலியரைக்_கேளுங்கள் #விருத்தாசலம்